காது நரம்பில் தெரியும் வெளிச்சம்

காது எம்ஆர்ஐ அறிக்கைகளில் அடிக்கடி ஒரு வரி வரும். முகநரம்பின் டிம்பானிக் பகுதியில் லேசான என்ஹான்ஸ்மென்ட் தெரிகிறது என்று இருக்கும். அதற்கு முன்னும் பின்னும் ஒரு விளக்கமும் இருக்காது. அந்த ஒற்றை வரியை வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்கத் தூங்காமல் கிடந்த குடும்பங்களை எனக்குத் தெரியும்.

நான் ராயப்பன்பட்டிக்காரி. அப்பாவுக்குப் பன்னீர் திராட்சைத் தோட்டம். சண்முகா நதி அணையும் மேகமலை அடிவாரமும்தான் நான் வளர்ந்த இடம். இப்போது மதுரையில் ஸ்கேன் படங்களைப் பார்த்து அறிக்கை எழுதும் ரேடியாலஜி மருத்துவராக இருக்கிறேன். ஊரில் யாருக்கு ஸ்கேன் எடுத்தாலும், அதைத் தேனியில் எடுத்தாலும் கோயம்புத்தூரில் எடுத்தாலும், அறிக்கை வாட்ஸ்ஆப்பில் எனக்கு வந்து சேர்ந்துவிடும். எனக்கு அதில் சந்தோஷம்தான். நம் வீட்டுப் பிள்ளையிடம் கேட்டால் புரியும்படி சொல்லும் என்று நம்பித்தானே அனுப்புகிறார்கள்?

சித்தியின் போனும் அப்படித்தான் வந்தது.

"பாப்பா, வேலையா இருக்கியா? சித்தப்பாவுக்கு எடது காது கேக்கலன்னு ஸ்கேன் எடுத்தோம்ல, அதுல நரம்புல என்னமோ வெளிச்சமா இருக்குன்னு எழுதிருக்காகளாம். தம்பி செல்லுல போட்டுப் பாத்துட்டு, கட்டியா இருக்கும்ங்கிறான். மண்டையத் தொறக்கணுமாம்ல?"

"சித்தி, சிடி குடுத்தாங்களா?"

"குடுத்தாக. பீரோவுல இருக்கு."

"மதுரைக்கு வர்றவங்க யாருகிட்டயாச்சும் குடுத்து விடுங்க. படத்தப் பாத்துட்டு நானே கூப்புடுறேன். அதுவரைக்கும் சித்தப்பா காதுல கட்டி கிட்டின்னு யாரும் போட வேணாம்."

சித்தப்பா வருடக்கணக்காகப் பவர் ஸ்பிரேயரை முதுகில் மாட்டிக்கொண்டு திராட்சைக்கு மருந்து அடித்தவர். அந்த மோட்டார் சத்தத்தில் காது மந்தமாவது உண்டு. ஆனால் சத்தத்தால் வரும் மந்தம் பெரும்பாலும் இரண்டு காதையும் ஏறக்குறைய ஒரே அளவில் பிடிக்கும். இவருக்கு இடது காது மட்டும் மோசம். படுத்தால் அந்தக் காதுக்குள் ஓயாத இரைச்சல். காது மூக்கு தொண்டை மருத்துவர் ஆடியோகிராம் எடுத்துப் பார்த்தார். இரண்டு காதுக்கும் வித்தியாசம் தெளிவாகத் தெரிந்ததால் எம்ஆர்ஐ எழுதிக் கொடுத்தார். நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். ஒரு காது மட்டும் மெல்ல மெல்ல மங்கினால், அதற்குப் பின்னால் கட்டி எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொள்ளத்தான் வேண்டும்.

அப்படித் தேடும் கட்டிக்கு வெஸ்டிபுலர் ஷ்வானோமா என்று பெயர். பழைய மருத்துவர்கள் அக்கூஸ்டிக் நியூரோமா என்பார்கள். உடம்பின் சமநிலையைக் காக்கும் நரம்பின் மேலுறையில் முளைப்பது. இது புற்றுநோய் இல்லை, வேறு உறுப்புக்குப் பரவாது. வருடத்துக்கு லட்சம் பேரில் சிலருக்குத்தான் புதிதாகக் கண்டுபிடிக்கப்படுகிறது. ஒரு காது மந்தம் என்று ஸ்கேனுக்கு வருகிறவர்களிலும் நூற்றில் ஒரு சிலருக்கே இருக்கும். இருந்தாலும் பெரும்பாலும் மிக மெதுவாக வளரும். பல கட்டிகள் வருடக்கணக்கில் வளராமலே நிற்கும். அதனால் சின்னக் கட்டியை உடனே எடுக்காமல், அவ்வப்போது ஸ்கேன் எடுத்துக் கவனித்து வருவதும் முறையான வைத்தியம்தான். செல்லில் தேடும் தம்பிமாருக்கு இந்தப் பகுதி கண்ணில் படுவதே இல்லை.

கட்டி முளைக்கிற இடத்தைச் சொல்லிவிடுகிறேன். காதுக்கு உட்புறம், மண்டையின் அடித்தளத்தில், பெட்ரஸ் என்று ஓர் எலும்பு இருக்கிறது. உடம்பிலேயே மிகக் கெட்டியான எலும்புகளில் அதுவும் ஒன்று. அதைக் குடைந்துகொண்டு ஒரு குழாய் போகிறது. நீளம் ஏறக்குறைய 1 சென்டிமீட்டர். அதற்குள் மூளைத் தண்டுவட நீர் நிரம்பியிருக்கும். அந்த நீருக்கு நடுவே நான்கு நரம்புகள் ஓடும். முன்பக்கம் மேலே முகத்தை அசைக்கும் ஏழாவது நரம்பு. அதற்கு நேர் கீழே சத்தத்தைக் கொண்டுபோகும் காக்லியர் நரம்பு. பின்பக்கத்தில் மேலும் கீழுமாகச் சமநிலை நரம்புகள் இரண்டு. செவன் அப் மேலே, கோக் கீழே என்று மனப்பாடம் செய்யாத மருத்துவ மாணவர் உலகத்தில் இருக்க மாட்டார். ஏழாவது நரம்பு மேலே, காக்லியர் கீழே. இந்த நான்கையும் தாங்குகிற இடத்தின் அகலம் சில மில்லிமீட்டர்தான் என்பதால், சின்ன வித்தியாசமும் பெரிதாகத் தெரியும். வித்தியாசமே இல்லாததும் சில சமயம் அப்படித் தெரிந்துவிடும்.

இனி, வெளிச்சம் எங்கிருந்து வருகிறது? எம்ஆர்ஐ அறையில் ஒரு சுற்றுப் படம் எடுத்து முடித்ததும், டெக்னீஷியன் நோயாளியின் கையில் போட்டிருக்கும் ஊசி வழியாக நிறமற்ற ஒரு மருந்தைச் செலுத்துவார். 60 கிலோ எடை உள்ளவருக்குச் சாதாரணமாக 12 மில்லி. அதில் இருப்பது கடோலினியம் என்ற உலோகம். பின்லாந்து வேதியியலாளர் யோகன் கடோலின் பெயரைத் தாங்கியது. தனியாக இருந்தால் நச்சு. அதனால் வேறொரு மூலக்கூறுக்குள் இறுக்கிப் பூட்டித்தான் ஊசியில் அடைக்கிறார்கள். 1988இல் அமெரிக்காவில் முதன்முதலாக இதற்கு அனுமதி கிடைத்தது. இந்த உலோகத்தில் ஜோடி சேராத எலக்ட்ரான்கள் ஏழு இருக்கின்றன. காந்தப் புலத்துக்குள் அவை பக்கத்தில் இருக்கும் நீர்த் துகள்களைச் சீக்கிரம் அமைதிக்குக் கொண்டுவருகின்றன. அப்படி அமைதியான இடம் டி1 என்ற வகை எம்ஆர்ஐ படத்தில் பளிச்சென்று வெள்ளையாக விழும். மருந்து போடுவதற்கு முன் சாம்பலாக இருந்த இடம் போட்ட பிறகு வெள்ளையானால், அதைத்தான் அறிக்கையில் என்ஹான்ஸ்மென்ட் என்று எழுதுகிறோம்.

இங்கேதான் எல்லாரும் சறுக்குகிறார்கள். மருந்து நோயைத் தேடிப் போவதில்லை, ரத்தத்தோடு போகிறது. ரத்தம் அதிகம் உள்ள இடத்திலும், ரத்தக் குழாயிலிருந்து கசிய முடிகிற இடத்திலும் தங்குகிறது. மூளையிலும் நரம்புகளிலும் இயல்பாகவே ஒரு தடுப்பு இருப்பதால், ஆரோக்கியமான மூளைத் திசு மருந்துக்குப் பிறகும் பெரிதாக வெளுக்காது. கட்டியில் அந்தத் தடுப்பு கிடையாது, அதனால் வெளுக்கும். வீக்கம் வந்த நரம்பில் தடுப்பு கெட்டிருக்கும், அதுவும் வெளுக்கும். ஆனால் பிறவியிலேயே தடுப்பு இல்லாத இடங்களும், நுண்ணிய ரத்தக் குழாய்கள் அடர்ந்த இடங்களும் நம் எல்லார் தலையிலும் இருக்கின்றன. பிட்யூட்டரி சுரப்பி வெளுக்கும். மூக்கின் உட்தோல் வெளுக்கும். மூளை நீரைச் சுரக்கும் கோராய்டு பின்னல் வெளுக்கும். அவை வெளுக்காவிட்டால்தான் நான் நிமிர்ந்து உட்கார்ந்து யோசிப்பேன்.

முகநரம்பின் கதையும் இதுதான். அதன் பாதையைக் கொஞ்சம் பின்தொடர்ந்து பார்ப்போம். மூளைத் தண்டிலிருந்து கிளம்பி, நீருக்கு நடுவே வந்து, நான் சொன்ன குழாய்க்குள் நுழைகிறது. குழாயின் கோடியில் லேபிரிந்தைன் என்ற மிகக் குறுகிய எலும்புச் சந்து. 1 மில்லிமீட்டர் அகலம்கூட இல்லாதது. அதைத் தாண்டியதும் ஜெனிகுலேட் முடிச்சு என்ற இடத்தில் சட்டென்று பின்னால் திரும்புகிறது. பிறகு நடுக்காதின் சுவரை ஒட்டி டிம்பானிக் பகுதியாக ஓடி, காதுக்குப் பின்னால் நாம் தொட்டுப் பார்க்கும் எலும்புக்குள் மாஸ்டாய்டு பகுதியாகக் கீழே இறங்கி, வெளியே வந்து முகம் முழுக்கக் கிளை விடுகிறது.

இந்தப் பயணத்தின் முதல் பாதியில், நீருக்குள் இருக்கும்போது, நரம்பைச் சுற்றி ரத்தக் குழாய்கள் மிகக் குறைவு. ஜெனிகுலேட் திருப்பத்திலிருந்து நிலைமை வேறு. அங்கிருந்து நரம்பையும் எலும்புச் சுவரையும் பிரிக்கிற இடைவெளி பூராவும் சின்னச் சின்னத் தமனிகளும் சிரைகளும் பின்னிக் கிடக்கும். எங்கள் தோட்டத்துப் பந்தல் கம்பியைத் திராட்சைக் கொடி சுற்றிப் படர்ந்திருப்பது போலத்தான். மருந்து ஏறியதும் படத்தில் வெளுப்பது இந்தப் பின்னல். நரம்புக்கு ஒன்றும் ஆகவில்லை. 1992இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கெபார்ஸ்கியும் அவருடைய குழுவினரும், முகநரம்பில் எந்தக் கோளாறும் இல்லாதவர்களின் எம்ஆர்ஐ படங்களையும், இறந்தவர்களின் எலும்பை அறுத்துப் பார்த்த உடற்கூறையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார்கள். பெரும்பாலான நல்ல நரம்புகளிலும் இந்த வெளிச்சம் இருந்தது. ஒரு பக்கம் கூடுதலாகவும் மறுபக்கம் குறைவாகவும் இருப்பதும் சகஜம் என்று தெரிந்தது.

ஆகவே நான் முதலில் பார்ப்பது இடத்தை. ஜெனிகுலேட் முடிச்சு, டிம்பானிக், மாஸ்டாய்டு ஆகிய மூன்றில் மெல்லிய கோடாக வெளிச்சம் இருந்தால், முகத்தில் எந்தக் குறையும் இல்லாதவருக்கு அது இயல்பு. குழாய்க்குள்ளேயோ, மூளைத் தண்டுப் பக்கத்திலோ, அந்தக் குறுகிய சந்திலோ தெளிவாக வெளுத்தால் கவனம் தேவை. இப்போது வந்திருக்கும், காந்த வலிமை கூடிய 3 டெஸ்லா இயந்திரங்களில் அந்தச் சந்திலும் குழாயின் கோடியிலும் மங்கலான வெளிச்சம் நல்லவர்களுக்கும் எட்டிப் பார்க்கிறது. அதனால் மறுபக்கத்தோடு ஒப்பிடாமல் நான் எதையும் முடிவு செய்வதில்லை. அடுத்து வடிவம். கோடாக இருக்கிறதா, உருண்டு திரண்டு இருக்கிறதா? கட்டி என்றால் இடத்தை அடைக்கும். நரம்பைப் பருமனாக்கும், நீரை விலக்கும். வெறும் வெளிச்சம் இடத்தை அடைக்காது.

முகவாதம் வந்தவர்களின் படத்தைப் பார்த்தால் இந்த வித்தியாசம் கண்ணுக்கு நேராகத் தெரியும். திடீரென்று ஒரு பக்க வாய் கோணி, கண் மூட முடியாமல் போவதைக் காற்றுப் பட்டுவிட்டது என்பார்கள் ஊரில். அவர்களுக்குக் குழாயின் கோடியும் குறுகிய சந்தும் சேர்ந்து பளிச்சிடும். வீங்கிய நரம்பு அந்தச் சந்துக்குள் நெரிபடுவதுதான் காரணம். முகம் சரியாகி மாதக்கணக்கில் ஆன பிறகும் அந்த வெளிச்சம் படத்தில் மிச்சமிருக்கலாம். ஆகவே முன்பு எப்போதாவது முகவாதம் வந்ததா என்ற தகவல் எனக்கு மிக முக்கியம். ஸ்கேனுக்கு வரும்போது அதைச் சொல்லாமல் விடுகிறவர்கள்தான் அதிகம்.

நரம்பைத் தவிர வேறு சிலவும் கண்ணை ஏமாற்றும். சிறுமூளைக்குப் போகும் ஒரு தமனி, சிலருக்கு வளைந்து குழாய்க்குள்ளேயே எட்டிப் பார்த்துத் திரும்பும். வெட்டுப் படத்தில் அது ஒரு வெள்ளைப் புள்ளி. கழுத்துக்கு இறங்கும் பெரிய சிரையின் குமிழ் பலருக்கு வலப்பக்கம் பெரிதாக இருக்கும். அதற்குள் ரத்தம் சுழல்வதால் கட்டி மாதிரி மாயம் காட்டும். பெட்ரஸ் எலும்பின் நுனியில் ஒரு பக்கம் காற்று அறைகளும் மறுபக்கம் கொழுப்பு நிறைந்த மஜ்ஜையும் இருந்தால், கொழுப்புப் பக்கம் வெள்ளையாகத் தெரியும். ஆனால் கொழுப்பு மருந்து போடுவதற்கு முன்பே வெள்ளைதான். முன் எடுத்த படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அரை நிமிடத்தில் தெளிவாகிவிடும். நேரம் மிச்சம் பிடிக்க அந்த முன் படத்தை எடுக்காமல் விடுவது எனக்குச் சுத்தமாகப் பிடிக்காத பழக்கம்.

இது சும்மா ஏட்டு விவாதம் இல்லை. கடோலினியம் வந்த புதிதில், 1990களின் தொடக்கத்திலேயே, மருத்துவ இதழ்களில் இதைப் பற்றிய எச்சரிக்கைகள் வந்துவிட்டன. சின்ன நரம்புக் கட்டி என்று படம் சொன்னதை நம்பி மண்டையைத் திறந்தால், உள்ளே கட்டி இல்லை. வீங்கிய நரம்போ, தடித்த உறையோ மட்டும் இருந்தது. அந்த அறுவையில் கேட்கும் திறன் போகலாம், முகநரம்பு அடிபடலாம். படத்தில் தெரிந்த ஒரு வெளிச்சத்துக்காக ஒருவர் அந்த விலையைக் கொடுப்பது எவ்வளவு பெரிய அநியாயம்! நம் நாட்டில் இன்னொரு கோணமும் உண்டு. காசநோய் மூளை உறையைத் தாக்கினால், குழாய்க்குள் நரம்புகளின் மேல் மெல்லிய வெளிச்சம் படரலாம். அதற்கு வைத்தியம் மாத்திரை, கத்தி அல்ல. ஆகவே இயல்பானதை நோய் என்பதும் தப்பு, நோயை இயல்பு என்று தள்ளுவதும் தப்பு.

சித்தப்பாவின் சிடி, மதுரைக்கு வந்த பக்கத்துத் தோட்டத்து அண்ணன் கையில் வந்து சேர்ந்தது. மருந்துக்கு முன், மருந்துக்குப் பின் என்று இரண்டு படங்களையும் அருகருகே திறந்து, ஒவ்வொரு வெட்டாக நகர்த்தினேன். இடது முகநரம்பின் டிம்பானிக் பகுதியில் நூலிழை கனத்தில் ஒரு வெள்ளைக் கோடு இருந்தது. அறிக்கையில் எழுதியது உண்மைதான். வலது பக்கமும் அதே கோடு, கொஞ்சம் மங்கலாக. பிறகு டி2 என்ற இன்னொரு வகைப் படத்துக்குப் போனேன். அதில் நீர் வெள்ளையாகவும் நரம்புகள் கறுப்பாகவும் இருக்கும். குழாயைக் குறுக்கே வெட்டிய படத்தில் வெள்ளைக்கு நடுவே நான்கு கறுப்புப் புள்ளிகள், நான்கும் அதனதன் இடத்தில், நான்கும் மெலிசாக. எதுவும் உப்பவில்லை, எதையும் எதுவும் நெருக்கவில்லை.

"சித்தி, கட்டி இல்ல. அந்த வெளிச்சம் எல்லாருக்கும் இருக்கிறதுதான். சித்தப்பாவுக்கு வேண்டியது காது மிஷின். இனிமே மருந்து அடிக்கும்போது காத அடைச்சுக்கச் சொல்லுங்க, நல்ல காதையாவது காப்பாத்தணும்ல."

"மாதாவே, நல்லவேளம்மா" என்றார் சித்தி. பின்னால் சித்தப்பா, "என்னவாம்?" என்று சத்தமாகக் கேட்டது எனக்கும் கேட்டது.

அந்த டி2 படத்தைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். 1 மில்லிமீட்டருக்கும் குறைவான கனத்தில் வெட்டி எடுக்கும் அந்தப் படம், ஊசி மருந்தே இல்லாமல் நரம்புக் கட்டியைக் கண்டுபிடிக்கப் பெரும்பாலும் போதும். கட்டி இருந்தால் வெள்ளை நீரில் ஒரு கறுப்பு உருண்டையாக அடைத்துக்கொண்டு தெரியும். முதல் சோதனைக்கு அதுவே போதும் என்று பல நாடுகளில் வழக்கமாகிவிட்டது. பிறவியில் காது கேட்காத குழந்தைகளுக்குத் தமிழக அரசின் காப்பீட்டுத் திட்டத்தில் காக்லியர் இம்ப்ளான்ட் வைக்கிறார்களே, அதற்கு முன்னால் எடுப்பதும் இதே படம்தான். செவன் அப்புக்குக் கீழே கோக் இருக்கிறதா என்று தேடுவோம். காக்லியர் நரம்பு இல்லாத குழந்தைக்குக் கருவி வைத்தும் பெரிய பலன் இருக்காது. மருந்து தேவைப்படும் இடங்கள் இருக்கின்றன. தேவையில்லாத இடத்தில் போடாமல் இருப்பது நல்லது. சிறுநீரகம் மிகவும் பழுதானவர்களுக்குப் பழைய வகை கடோலினியம் தோலையும் தசையையும் இறுக்கிவிடும் நோயைக் கொண்டுவரும் என்று 2006 வாக்கில் கண்டறிந்தார்கள். சர்க்கரை நோய் பல வருடமாக இருந்தால், ஊசிக்கு முன் கிரியாட்டினின் என்ற சிறுநீரகச் சோதனை பார்த்தீர்களா என்று நீங்களே கேளுங்கள். கர்ப்பமாக இருந்தாலோ, அப்படி ஒரு சந்தேகம் இருந்தாலோ, தயங்காமல் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

என் சக மருத்துவர்களிடமும் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. பார்த்ததை எல்லாம் எழுதுவது நம் கடமை. ஆனால் பார்த்தது என்ன என்று சொல்லாமல் விடுவது பாதி வேலை. லேசான என்ஹான்ஸ்மென்ட் என்று எழுதினால், இது இயல்பான உடற்கூறு, கட்டி இல்லை என்று அதே வரியில் சேர்த்து எழுதலாம். இரண்டு வார்த்தைதான். அறிக்கையை முதலில் பிரிப்பது மருத்துவர் இல்லை. பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும் நோயாளியின் மகன். அவன் கையில் செல் இருக்கிறது.

வாசகர்களுக்கு: அறிக்கைத் தாளை மட்டும் வாங்கிக்கொண்டு வராதீர்கள். சிடியைக் கேட்டு வாங்குங்கள். பழைய ஸ்கேன் இருந்தால் அதையும் சேர்த்து வையுங்கள். உங்களை அனுப்பிய காது மருத்துவரிடம் இரண்டையும் காட்டி, கட்டி உண்டா இல்லையா என்று நேராகக் கேளுங்கள். அப்புறம் ஒன்று. நான் இதுவரை சொன்னதெல்லாம் மெல்ல மங்கும் காதுக்கு. நேற்று நன்றாகக் கேட்ட ஒரு காது இன்று காலையில் திடீரென்று கேட்காமல் போனால், அது அவசரம். ஸ்டீராய்டு வைத்தியம் முதல் இரண்டு வாரத்துக்குள் தொடங்கினால்தான் கேட்கும் திறன் திரும்பும் வாய்ப்பு அதிகம். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. காதில் எண்ணெய் விட்டுப் பார்க்க வேண்டாம், ஸ்கேனுக்குத் தேதி கிடைக்கட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம். அன்றைக்கே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய்விடுங்கள்.